வரவேற்பறையில் வைத்த பெட்டி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் நம் மோப்பக்காரியைப் பதினேழாம் எண் வீட்டு வாசலில் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், ஒரு வாரமாகக் கால் கடுத்திருக்கும். முதலில் அவளை உள்ளே அழைத்துப் போவோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. வீட்டுக்கு மூத்தவள் இவள். பல்கலைக்கழகத்தில் காற்று அளக்கும் வேலை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும்படி கட்டிய நாற்பது பசுமை வீடுகளில் காற்று எப்படி இருக்கிறது, அந்தக் காற்றைக் குடிக்கிறவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று இரண்டு வருஷமாக ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. வீடு வீடாகப் போய் அளவுப்பெட்டியை வைப்பதும் எடுப்பதும் இவள் பொறுப்பு. மூன்றாவது வீட்டில் பால் தீய்ந்தால் இவளுக்குத்தான் முதலில் தெரியும் என்று சின்ன வயதிலேயே மோப்பக்காரி என்று பெயர் வைத்தவன் அவளுடைய ஒரே தம்பி. அந்தத் தம்பி இப்போது அதே பசுமை வீடுகளைக் கட்டிய கம்பெனியில் பராமரிப்பு மேலாளர். ஆராய்ச்சிக்குப் பாதிப் பணம் அந்தக் கம்பெனி கொடுக்கிறது, மீதிப் பாதி அரசாங்க நிதி.

தம்பி குடியிருப்பதும் அங்கேதான், பதினேழாம் எண்ணில், மனைவியோடும் ஏழு வயது மகளோடும். மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு மாதமாக விடாத இருமல். ஓர் இடத்தில் உட்காராத பிள்ளை இப்போது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது.

இன்று மாலை நாலு மணிக்கு ஆராய்ச்சி அறிக்கையில் கையெழுத்து. அது ஆனால் அடுத்த மூன்று வருஷத்துக்கு நிதி வரும், இன்னும் நூறு வீடு அளக்கலாம். கையெழுத்துப் போட வேண்டியவர்களில் மோப்பக்காரியும் ஒருத்தி. ஆனால் போன வாரம் அவள் யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். கையில் உபரியாக இருந்த ஒரு பெட்டியை, வாலுவின் கட்டிலோரத்தில், பொம்மைகளுக்கு நடுவில் செருகிவிட்டு வந்தாள். வாலுவுக்கு மட்டும் தெரியும். அதை எடுக்கத்தான் இப்போது வந்து நிற்கிறாள்.

கதவில் பச்சை இலை போட்ட ஒட்டுத்தாள். 'இந்த வீட்டின் காற்று நல்ல காற்று.' நாலு மாதத்துக்கு முன் தன் கையாலேயே அழுத்தித் தேய்த்து ஒட்டியது. ஒரு மூலைகூடப் பிரியவில்லை. அதைப் பார்க்கவே மோப்பக்காரிக்கு எரிச்சலாக வந்தது.

கதவைத் திறந்த தம்பி மனைவி, "ஒரு நிமிஷம் அண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். புஸ்ஸென்று சத்தம். கம்பெனி வீட்டுக்கு ஆறு டப்பா வாசனைத் தெளிப்பான் இனாமாகக் கொடுத்திருந்தது, காட்டு மல்லி வாசமாம். அளக்கிறவர்கள் வருகிற அன்று நாற்பது வீட்டிலும் அதை அடித்துவிடுவார்கள். நாற்றம் இருந்த இடத்திலேயே இருக்கும், மேலே மல்லி உட்கார்ந்துகொள்ளும். மோப்பக்காரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

தம்பி மனைவியைக் குறை சொல்லி என்ன பயன்? பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். வருகிறவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் அவளுக்கு உலகம். வீட்டிலும் ஹால் பளபளவென்றிருக்கும். அதைத் தாண்டி எதுவும் யார் கண்ணிலும் படக்கூடாது.

அங்கேதான் வந்தது வினை. அளவுப்பெட்டியை ஆட்கள் தூங்கும் அறையில், தலையணை உயரத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. மனிதன் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கை அங்கேதான் கழிக்கிறான். ஆனால் எந்த வீட்டுக்காரி ஊரானை நேராகப் படுக்கையறைக்குள் விடுவாள்? மடிக்காத துணி, கலைந்த போர்வை, கட்டிலுக்கடியில் இன்னும் என்னென்னவோ. "அங்கே வேண்டாம், ஹால்ல வைங்க" என்று முதல் வீட்டில் சொன்னார்கள். இரண்டாம் வீட்டிலும் சொன்னார்கள். ஹாலில் ஷோகேஸைத் துடைத்து, நடுவில் இருந்த பீங்கான் யானையை நகர்த்தி, பெட்டிக்கு இடம் செய்து, ஜன்னலையும் திறந்து விட்டார்கள். பெரிய மனிதர் வீட்டுக்கு வந்ததுபோல அந்தப் பெட்டிக்கு ஏழு நாள் உபசாரம் நடந்தது.

மோப்பக்காரி வாதாடவில்லை. அடுத்தவர் படுக்கையறையைத் திற என்று எப்படி அடம் பிடிப்பது? தவிர, ஒரே வீடு, ஒரே காற்றுதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தாளில் 'வைத்த இடம்: படுக்கையறை' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கட்டம். அதில் ஒரு டிக். இப்படியே முப்பத்தொரு வீடு, முப்பத்தொரு டிக். முப்பத்தொன்றில் ஒன்று இந்த வீடு. மீதி ஒன்பது வீட்டுக்காரர்கள் போன வருஷமே படுக்கையறையைத் திறந்து விட்டிருந்தார்கள்.

வாலு போர்வைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தது. ஏழு நாளும் அதற்குக் குல்லாய் போட்டு, பொம்மைக் கரடிக்குத் தம்பி என்று சொல்லிக் காப்பாற்றி வைத்திருந்ததாம். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமியது. ஈரமான, கனத்த இருமல். ஏழு வயசு நெஞ்சிலிருந்து வரவேண்டிய சத்தம் இல்லை அது.

சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து பெட்டியை இணைத்தாள். அடைத்த அறையில் நாம் விடும் மூச்சு எவ்வளவு தேங்குகிறது என்று அந்தப் பெட்டி எண்ணால் சொல்லும். ஆயிரத்தைத் தாண்டினால் ஜன்னலைத் திற என்பது அவர்கள் குழு வைத்திருந்த அளவு. நாலு மாதத்துக்கு முன் ஹாலில் வைத்த பெட்டி அறுநூற்று இருபது சொன்னது. அதற்குத்தான் பச்சை இலை.

இந்தப் பெட்டி ஏழு நாளும் விடிகிற நேரத்தில் மூவாயிரத்து நானூறைத் தொட்டிருந்தது. அலமாரிப் பலகையின் பசையிலிருந்து கசியும் வாயு ஹாலில் இருந்ததைப்போல நாலு மடங்கு.

மோப்பக்காரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறது. எச்சில் தட்டைக் கழுவாமல் அதிலேயே திரும்பத் திரும்பப் போட்டுச் சாப்பிடுவது போல. எச்சில் காற்று. அந்த எச்சிலுக்கு நல்ல காற்று என்று முத்திரை குத்தியது யார்? நாம்தான் என்று அவள் மனசு பட்டென்று பதில் சொன்னது.

விஷயத்தைத் தம்பி மனைவிக்கு எளிமையாகச் சொன்னாள். அவள் முதலில் நம்பவில்லை. பச்சை இலையோடு கொடுத்த அளவுத் தாளைத்தானே டாக்டரிடம் காட்டினோம் என்றாள். வீட்டில் காற்றோட்டம் எப்படி என்று டாக்டர் கேட்டபோது பெருமையாக எடுத்து நீட்டினாளாம், நாத்தனார் அளந்தது என்று. அவரும் சரி, வீடு காரணமில்லை என்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டார். தலையணையை மாற்றச் சொன்னார், மாற்றினார்கள். கம்பளத்தை எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். கடைசியில் பூனையை. வாலு இரண்டு வருஷமாக மடியில் வைத்து வளர்த்த பூனையை எங்கேயோ தெரிந்தவர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

வாலு இதையெல்லாம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

"அத்தை, அப்ப பூனை மேல தப்பு இல்லையா?"

மோப்பக்காரி இல்லை என்று தலையை ஆட்டினாள். வாலு அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. உள்ளே போய்ப் பூனையின் காலித் தட்டை எடுத்து, அது முன்பு இருந்த மூலையில் வைத்துவிட்டு வந்தது. கன்னத்தில் நாலு அறை வாங்கியிருந்தால்கூட மோப்பக்காரி தாங்கியிருப்பாள்.

பிறகு அவள் சும்மா இருப்பாளா? வாலுவின் அறைக்குள் போய் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்தாள். பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சணம். கறுப்பும் பச்சையுமாக, தொட்டால் வழுக்கும் ரகம். வாரக்கணக்கில் பையிலேயே கிடந்த ஈரக் காலுறையின் நாற்றம். அதிலிருந்து ஒரு கை தூரத்தில்தான் பிள்ளையின் தலையணை. தம்பி மனைவி ஐயோ என்றுகூடச் சொல்லாமல் ஓடிப்போய் ஈரத்துணியும் வாளியும் கொண்டு வந்தாள்.

"தொடாதே. இதை நாலு பேர் பார்க்கணும்."

"நாலு பேர் பார்க்கிறதுக்கு முன்னாடிதானே அண்ணி தொடைக்கணும்" என்றாள் அவள். சொன்ன பிறகு தன் வாயிலிருந்து வந்தது தனக்கே உறைத்து, வாளியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஹால்ல வைக்கச் சொன்னது நான்தானே" என்று முனகினாள். டிக் அடித்தது நான்தானே என்று மோப்பக்காரி சொல்லவில்லை. ஆனால் அந்த டிக் பேனா அவள் சட்டைப் பையில்தான் குத்திக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் பார்க்க வேண்டியிருந்தது. அந்த அறையின் ஜன்னல் திறக்கவே திறக்காது. குளிர்ச்சி வெளியே போகாமல் மின்சாரம் மிச்சமாக வேண்டும் என்று கண்ணாடியை அப்படியே பதித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் மொட்டை மாடியில் காற்று மிஷின் இருக்கிறது. வெளிக்காற்றை வடிகட்டி, குழாய் வழியே ஒவ்வோர் அறைக்கும் தள்ளும். வீட்டுக்கு அதுதான் மூக்கு. மோப்பக்காரி நாற்காலி மேல் ஏறி, கூரையில் இருந்த காற்று வாய்க்கு நேராக ஒரு காகிதக் கைக்குட்டையைப் பிடித்தாள். அது ஆடவில்லை.

திருகைக் கழற்றி வடிகட்டியை இழுத்தாள். வெள்ளையாக இருக்க வேண்டியது. சாம்பல் நிறத்தில், ரோமம் முளைத்த தோல் மாதிரி கையோடு வந்தது. நடுவில் ஒரு செத்த கரப்பான், மல்லாந்து கிடந்தது. அதன் மேல் காட்டு மல்லி வாசம். இறங்கிப்போய் மூன்று தடவை சோப்பு போட்டுக் கை கழுவினாள். வாசம் போகவில்லை.

---

பேராசிரியர் பெப்பர்மின்ட் மிட்டாய் சப்புகிற ஆள். பேசும்போது ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு அது பயணம் போகும். மோப்பக்காரி பதினொரு மணிக்கு அவர் அறையில் நின்றபோது, மாலை விழாவுக்கான மேஜைத்துணி பச்சையா வெள்ளையா என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார். வடிகட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அவர் தன் டீக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

ஒரு வீடு, ஓர் அறை என்றார். நாற்பதில் ஒன்று விலகி நிற்பது சகஜம், அதைத் தனியே தள்ளிவிடலாம் என்றார். ஒன்றில்லை, முப்பத்தொன்று என்று அவள் சொன்னாள். படுக்கையறை என்று அச்சடித்த கட்டத்தில் ஹாலில் வைத்த பெட்டிக்கு டிக் அடித்திருக்கிறேன், எல்லாமே பொய் என்றாள்.

அவர் அதிர்ச்சி அடைவார் என்றுதான் எதிர்பார்த்தாள். மிட்டாய்தான் கன்னம் மாறியது.

"முதல் வாரமே தெரியும்மா."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் நிதானமாக விளக்கினார். பெட்டிகளை ஏற்றிப் போகும் வண்டியை ஓட்டுகிறவன் சொன்னானாம். நிறுத்தினால் ஆராய்ச்சியே நின்றிருக்கும், பன்னிரண்டு பேர் வேலை போயிருக்கும். இந்த அறிக்கை போனால்தான் அடுத்த நிதி வரும். அடுத்த நிதி வந்தால் அப்போது படுக்கையறையில் வைத்து ஒழுங்காக அளந்துகொள்ளலாமே என்றார். இவ்வளவும் சொல்லிவிட்டு, நியாயந்தானே என்பது போலச் சிரித்தார்.

மோப்பக்காரி கணக்கைப் போட்டுப் பார்த்தாள். உண்மையை அளப்பதற்குப் பணம் வேண்டும், அந்தப் பணத்துக்கு முதலில் ஒரு பொய் வேண்டும். நாற்பது வீட்டுப் பிள்ளைகள் மூன்று வருஷம் எச்சில் காற்றைக் குடித்துக்கொண்டு இவருடைய அடுத்த ஆராய்ச்சிக்குக் காத்திருக்க வேண்டும். இந்த மனிதர் நுரையீரலைப் பற்றி நாலு புத்தகம் எழுதியவர் என்பதுதான் வேடிக்கை.

தாள்களைத் திருத்திக் கொடுக்கிறேன் என்றாள். தாராளமாக என்றார். ஆனால் திருத்தத்துக்குக் கீழே அந்த வீட்டில் குடியிருப்பவர் கையெழுத்தும் வேண்டும், அது நிதி கொடுப்பவர்கள் விதி, நான் போட்டதில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டிக் உங்க கையெழுத்தும்மா. திருத்தினா முதல்ல மாட்டுறது நீங்கதான்."

விதி என்றால் முழு விதியும்தானே. மோப்பக்காரி வெளியே வந்து அந்தக் கோப்பைத் தேடிப் பிடித்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். குடியிருப்பவர் கையெழுத்தோடு திருத்தின தாள் ஒரே ஒன்று இருந்தாலும், சம்பந்தமில்லாத வெளியாள் வந்து எல்லா வீட்டையும் மறுபடி அளக்க வேண்டும், அதுவரை பணம் நிற்கும் என்று பதினாறாம் பக்கத்தில் இருந்தது. பேராசிரியர் அதைச் சொல்லவில்லை. ஆக, ஒரு வீடு போதும். ஒரே ஒரு கையெழுத்து, நாலு மணிக்குள்.

மற்ற முப்பது வீட்டுக்கும் போன் போட்டாள். கேளுங்கள் இந்தக் கூத்தை. எட்டாம் எண் அம்மாவுக்குத் தினமும் தலைவலி, எழுந்திருக்கும்போதே மண்டை இடிக்கிறது என்று இவளிடமே புலம்பியவர். வீட்டை விற்கப் போகிறோம், இப்போது போய் எதையாவது எழுதி விலையைக் கெடுத்துவிடாதே என்றார். இருபத்தாறாம் எண்காரர் கம்பெனியோடு வம்பு எதற்கு என்றார். முப்பதாம் எண்ணில், பச்சை இலையைப் பார்த்துத்தான் பெண்ணுக்கு நல்ல சம்பந்தம் வந்திருக்கிறதாம். மாப்பிள்ளை வீட்டார் காதில் இது விழவே கூடாதாம். இப்படியே ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள், நடுநடுவே இருமிக்கொண்டே.

இவர்களுக்காகவா இந்தப் பாடு என்று ஒரு நிமிஷம் மோப்பக்காரிக்கு மனசே விட்டுப்போனது. போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் பூனையின் காலித் தட்டு ஞாபகம் வந்தது. மிச்சம் ஒரே வீடு. பதினேழு.

---

மூன்று மணிக்குத் தம்பி வந்தான். கம்பெனி சார்பில் விழாவுக்கு அவன்தான். கையில் பூங்கொத்து, சலவை மடிப்பு கலையாத சட்டை. தாழ்வாரத்தில் தண்ணீர் மிஷின் பக்கத்தில் அக்காளைப் பார்த்ததும் வழக்கம்போல மூக்கைச் சுருக்கிக் காட்டினான். "என்ன மோப்பக்காரி, இங்க என்ன வாடை அடிக்குது?"

அவள் சிரிக்கவில்லை. மூவாயிரத்து நானூறைச் சொன்னாள். பூஞ்சணத்தைச் சொன்னாள். கைப்பேசியில் வடிகட்டியின் படத்தைக் காட்டினாள். காற்று மிஷின் பழுதாகிக் கிடக்கிறது, பராமரிப்பு மேலாளருக்கு அதுகூடத் தெரியாதா, முதலில் ஆளை அனுப்பு என்றாள். கையெழுத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம் என்று நினைத்தாள்.

தம்பி படத்தைப் பார்க்கவில்லை. பூங்கொத்தில் ஒரு காம்பைச் சரி செய்தான். இந்தத் தம்பியை அவளுக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். ஜாடியை உடைத்துவிட்டு வந்து நின்றபோதும் இப்படித்தான் எதையாவது சரி செய்துகொண்டு நிற்பான்.

"பழுதா, நிறுத்தினதா?" என்றாள்.

நிறுத்தியதுதான். அவன் மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னான். பசுமைச் சான்றிதழில் ஐந்து நட்சத்திரம் வேண்டுமென்றால் மின்சாரச் செலவு ஓர் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். போன வருஷம் கொஞ்சம் மேலே போய்விட்டது. நாள் முழுக்க ஓடுவது காற்று மிஷின்தான். அதை நிறுத்தினால் அளவு கச்சிதமாக வந்துவிடும். மேலே இருப்பவர்கள் வாயால் எதையும் சொல்லவில்லை, நட்சத்திரம் வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். சாவி இவனிடம் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலையில் மாடியேறி அணைத்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து வாலு இருமத் தொடங்கினாள். அக்காளின் பெட்டி நல்ல காற்று என்று சொன்னதும் அவனுக்கு அப்பாடா என்றிருந்ததாம்.

அப்பாடா. அந்த ஒரு சொல் அவள் கன்னத்தில் அறைந்தது. இவன் அணைத்தான், அவள் டிக் அடித்தாள். அக்காளும் தம்பியும் சேர்ந்து செய்த வேலை.

"எல்லார் வீட்டுலயுமா?"

"எல்லார் வீட்டுலயும்."

"உன் வீட்டுலயும்?"

"என் வீட்டுக்கு மட்டும் ஓட விட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேக்கா."

அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது, தன் வீடு பிறத்தியார் வீடு என்று பேதம் பார்க்கவில்லை என்பது போல. மோப்பக்காரிக்குச் செத்த கரப்பானைப் பார்த்தபோது வந்ததைவிட அதிக அருவருப்பு இப்போது வந்தது. இவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். மூக்கொழுகினால் தன் பாவாடையில் துடைத்துவிட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை.

தாளை எடுத்து நீட்டினாள். 'படுக்கையறை' என்பதை அடித்து, 'வரவேற்பறை' என்று எழுதி, தன் கையெழுத்தைப் போட்டிருந்தாள். கீழே குடியிருப்பவர் கையெழுத்துக்கு ஒரு கோடு. அதற்கும் கீழே, காற்று மிஷின் ஓடியதா, இல்லையென்றால் யார் நிறுத்தியது என்று இன்னொரு கோடு. போடு என்றாள்.

அவன் போடவில்லை. வேலை போய்விடும் என்றான். அந்த வீடே கம்பெனி கொடுத்ததுதான், வேலை போனால் வீடும் போய்விடும் என்றான். நாளைக்கே மிஷினைப் போட்டுவிடுகிறேன், யாருக்கும் தெரியாமல் சுவரைச் சுரண்டி பெயின்ட் அடித்துவிடுகிறேன், வாலு சரியாகிவிடுவாள், எதற்கு எழுத்தில் வேண்டும் என்றான். மற்ற முப்பத்தொன்பது வீட்டில் எப்போது போடுவாய் என்று கேட்டாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

மோப்பக்காரி தாளை மடித்துக்கொண்டு அங்கிருந்து நகர்ந்தாள். ஜன்னலோரம் நின்று பதினேழாம் எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு கையெழுத்து வேண்டும், என்ன ஏதென்று கேட்காதே, வந்து படித்துப் பார்த்துவிட்டு உனக்குச் சரியென்று பட்டால் போடு என்று மட்டும் சொன்னாள். நிறுத்தியது யார் என்பதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

தம்பி மனைவி வந்து சேர்ந்தபோது நாலுக்குப் பத்து நிமிஷம். கூட்ட அறையில் பச்சை மேஜைத்துணி விரித்து, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வைத்தாகிவிட்டது. பேராசிரியர் வாசலில் நின்று நிதிக்காரர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி சீருடையில் வந்த தம்பி மனைவிக்குத் தலைகூட வாராமல் கலைந்திருந்தது. அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை. ஒரு கையில் வாலு, மறு கையில் ஒரு துணிப்பை. பையின் வாயில் கரடியின் காது தெரிந்தது.

தாளை அவள் நின்றபடியே படித்தாள். முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டாள், நிதானமாக, வரவேற்பு மேஜைப் பதிவேட்டில் போடுகிற அதே கையெழுத்து. பேராசிரியர் பார்த்துவிட்டார். அவர் வாயில் மிட்டாய் அசையவில்லை. பதினாறாம் பக்கத்து விதிக்கு அந்த ஒரு கையெழுத்தே போதும்.

அடுத்த கோட்டில் அவள் பேனா நின்றது.

"மிஷினை நிறுத்தினது யாரு அண்ணி?"

எந்த வாடையையும் ஒளிக்கத் தெரியாதவள் மோப்பக்காரி. இப்போது தரையைப் பார்த்தாள். தம்பி பூங்கொத்தில் இன்னொரு காம்பைச் சரி செய்தான். தம்பி மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். ஒன்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தக் கை போதும்.

அவள் அழுவாள், கத்துவாள் என்று மோப்பக்காரி பயந்தாள். அவள் தாளை மேஜையின் மறுபக்கம் புருஷன் முன்னால் தள்ளி, பேனாவை அதன் மேல் வைத்தாள்.

"நானும் பாப்பாவும் அண்ணி வீட்டுக்குப் போறோம். அந்த வரியை எழுதிட்டுக் கூப்பிடுங்க."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் வாலு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. "அப்பா, வரும்போது பூனையை வாங்கிட்டு வாங்க. அது மேல தப்பு இல்லையாம், அத்தை சொல்லிச்சு" என்றது. சொல்லிவிட்டு இருமியது. அறையில் இருந்த நிதிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மோப்பக்காரி அறிக்கையில் கையெழுத்துப் போடாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். தம்பி மனைவி பையோடு பின்னால் வந்தாள். கண்ணாடிக் கதவு மூடும்போது மோப்பக்காரி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது. பேராசிரியர் தம்பியின் தோளில் கை போட்டுக் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பேனா தம்பியின் கையில் இருந்தது, அந்தக் கோடு இன்னும் காலியாகவே இருந்தது.